நம் பில்லைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்
வளரும் கம்பெனி, கணக்கும் சரக்கு இருப்பும் பார்க்க வசதிகள் அதிகமுள்ள மென்பொருளாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். என் அனுபவம் வேறு. ஆம்பூரில் ஷூ மேல்பாகம் தைக்கும் யூனிட் வைத்திருக்கிறோம். தோல் சதுர அடியில் வரும், சரக்கு ஜோடியில் போகும். முதலில் வாங்கிய மென்பொருளுக்கு இந்தக் கணக்கே பிடிபடவில்லை. ஸ்டோர் பையன் மறுபடி நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டான்.

அடுத்து டெமோ காட்ட வந்தவரிடம் எங்கள் சொந்த பில்களையும் டெலிவரி சலான்களையும் கொடுத்து, "இதை ஏற்றிக் காட்டுங்க" என்றேன். பேரணாம்பட்டுக்குத் தையலுக்குப் போனது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று ஒரே திரையில் தெரிய வேண்டும். ஜாப் வொர்க்குக்கு, அதாவது வெளியில் கொடுத்துச் செய்து வாங்கும் வேலைக்கு, அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்தில் திரும்பாவிட்டால், ஜிஎஸ்டி சட்டப்படி அனுப்பிய அன்றே விற்றதாக ஆகிவிடும். இந்தத் தேதியை மென்பொருள் நினைவூட்டியே ஆக வேண்டும்.

அப்புறம், பிரைவேட் லிமிடெட் ஆனவர்கள் கவனிக்க: 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கில் செய்த ஒவ்வொரு திருத்தமும் எப்போது நடந்தது என்ற பதிவு மென்பொருளில் இருந்தாக வேண்டும், அதை அணைக்க முடியக் கூடாது.

விலை பேசும்போதே, நீங்கள் அந்த மென்பொருளை விட்டு விலகினால் டேட்டா முழுவதையும் எக்செல்லில் தருவோம் என்று எழுதி வாங்கிவிடுங்கள். பழைய இருப்புக் கணக்கை மீட்கவே எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது.