ரெண்டே ரெண்டு கிலோதான்

நான் துபாய்க்கு வேலைக்குப் போறேனா, மளிகைக் கடை வைக்கப் போறேனா? லீவு முடிஞ்சு கிளம்புற ஒவ்வொரு தடவையும் இதே கூத்து. டிக்கெட்ல 23 கிலோதான்னு போட்டிருக்கு. அம்மாவுக்கு அதெல்லாம் "சும்மா சொல்லுவாங்கடா". மடிச்சு வச்ச ரெண்டு ஜீன்ஸைத் தூக்கி வெளிய போட்டுட்டு அந்த இடத்துல இட்லிப் பொடி. துபாய் கராமா ஏரியால தடுக்கி விழுந்தா நம்மூர்க் கடைதான்மா! கேட்டாத்தானே?

நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலுக்கு மூணு பாலித்தீன் கவர், ஏழு ரப்பர் பேண்ட், அதுக்கு மேல என் புதுச் சட்டை. எண்ணெய் கசிஞ்சா சட்டை உறிஞ்சிக்குமாம்! தீப்பிடிக்கும்னு கொப்பரையைப் பெட்டில வைக்க 2022லயே தடை போட்டாச்சு. அது வேட்டிக்குள்ள சுருண்டு படுத்திருக்கு. நான் என்ன கடத்தல்காரனா?

அப்பா பெட்டியைத் தூக்கிக்கிட்டு எடை மெஷின்ல ஏறி நிக்கிறார். அவர் எடையைக் கழிக்கணும். அவர் எடை எவ்வளவுன்னு அதுக்கு ஒரு தனிச் சண்டை.

எல்லாத்தையும் கட்டி, ஜிப்பு மேல உக்காந்து மூடி, 22.8ல நிறுத்தினா, வாசல்ல பக்கத்து வீட்டு அத்தை. கையில மஞ்சப்பை. மருமகனுக்கு முறுக்காம்.

"ரெண்டே ரெண்டு கிலோதான் தம்பி!"