சுடலைமாடனுக்கு வேதம் எது?

மதம் என்றால் ஒரு நிறுவனர் வேண்டும், ஒரு புனித நூல் வேண்டும், இன்னின்னதை நம்புகிறேன் என்று சொல்ல ஒரு பட்டியல் வேண்டும். பள்ளிப் பாடத்திலிருந்து போட்டித் தேர்வுக் குறிப்பு வரை இப்படித்தான் படித்திருக்கிறோம். இந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம், சுடுகாட்டுக் காவல் சாமியான சுடலைமாடன் கோயில் ஒன்றுக்குப் போனால் எதுவும் தேறாது. நிறுவனர் கிடையாது, நூல் கிடையாது. "நீங்கள் எதை நம்புகிறீர்கள்?" என்று பூசாரியிடம் கேட்டால் அவரே முழிப்பார். "கொடைக்கு (கோயில் திருவிழாவுக்கு) யார் யார் வரி?" என்று கேட்டுப் பாருங்கள், மூன்று தலைமுறைக் கணக்கை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்.

நினியன் ஸ்மார்ட் என்ற பிரிட்டிஷ் சமய ஆய்வாளர் மதங்களை ஏழு கூறுகளாகப் பார்க்கச் சொன்னார்: சடங்கு, அனுபவம், கதை, கோட்பாடு, அறம், சமூக அமைப்பு, கண்ணால் பார்க்கக்கூடிய பொருட்கள். இந்தப் பட்டியல் எனக்குப் பிடிக்கும். கோட்பாடு இதில் ஏழில் ஒன்றுதான். மாடனுக்கு அந்த ஒரு கட்டம் காலி, மற்ற ஆறும் நிரம்பி வழியும்.

கொடை ராத்திரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மாடனுக்கு முகம்கூட இருக்காது. சுண்ணாம்பு பூசி, மேலே போகப் போகக் குறுகும் ஒரு பீடம், அவ்வளவுதான். எதிரே வில்லுப்பாட்டுக் குழு. புலவர் வீசுகோலால் நாணை அடித்துக் கதையைத் தொடங்குவார். பார்வதி விளக்குச் சுடரை ஏந்திப் பிள்ளை வரம் வாங்கியது, பிறந்த பிள்ளை ராத்திரி எழுந்து சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்றது, கைலாயத்தில் இனி உனக்கு இடமில்லை என்று பூலோகத்துக்கு அனுப்பியது. கதை உரிய இடத்துக்கு வந்ததும், சாமியை ஆள்மேல் வரவழைக்கிற வரத்துப் பாட்டு. குடம் அடிப்பவரின் கை வேகமெடுக்கும். அதுவரை ஓரமாக பீடி குடித்துக்கொண்டிருந்த மனிதர் உடம்பு குலுங்க எழுந்து நிற்பார். சல்லடம் என்கிற குட்டைக் கால்சட்டை கட்டி, குல்லா வைத்து, கையில் பந்தத்தோடு அவர் சுடுகாட்டுக்கு வேட்டைக்குக் கிளம்பும்போது அவருடைய சொந்த அண்ணனே கைகூப்பி விலகி வழிவிடுவார். காலையில் அதே ஆள் டீக்கடையில் கடன் சொல்லிக்கொண்டிருப்பார், அது வேறு.

இங்கே நம்பிக்கை என்ற ஒன்று தனியாகத் தெரிவதில்லை. தெரிவதெல்லாம் வேலை. பந்தத்துக்கு எண்ணெய் யார், மாத்துத் துணி யார், மண்பானை யார், மேளம் யார், கணியான் கூத்துக்கு மகுடம் என்ற தோல்கருவி அடிக்க யார் வருவார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு உண்டு. ஒருவர் வராவிட்டால் கொடை நின்றுவிடும். ஒரு மரபை மரபாக்குவது இதுதான் என்பது என் எண்ணம்: யார் யாருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார் என்ற கணக்கு.

இப்படிச் சொன்னதும் 'ஆகா, என்ன ஒற்றுமை' என்று யாராவது கமெண்ட் போடுவதற்கு முன்னால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைப் பங்கீட்டுக்கு இன்னொரு பெயர் சாதி. மேளம் அடிப்பவர் இல்லாமல் சாமி வராது, ஆனால் பல ஊர்களில் அவர் நிற்க வேண்டிய கோடு எது என்பதும் அதே கணக்கில்தான் எழுதியிருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவதை எதிர்த்த தகராறில், 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலையே பூட்டி சீல் வைத்தார்கள். அம்மன் உள்ளே, ஊர் வெளியே. ஸ்மார்ட் 'சமூக அமைப்பு' என்று ஒற்றை வரியில் எழுதிப் போனதற்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

அதே மரபுதான் முத்துப்பட்டன் கதையையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. பிராமணனாகப் பிறந்தவன் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்களை விரும்பி, பூணூலைக் கழற்றி, செருப்புத் தைத்து, மாமனாரின் மாடுகளைத் திருடர்களிடமிருந்து மீட்கப் போன இடத்தில் கொல்லப்பட்டான். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயன் என்ற சாமி. மற்ற கோயில்களில் செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டுப் போகிறோம், இங்கே காணிக்கையே செருப்புதான். தோல் செருப்பைச் செய்து கொண்டுவந்து கட்டுவார்கள். பிறகு வந்து பார்த்தால் பட்டன் போட்டு நடந்ததுபோல் அது தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. 'அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், சக்கிலியர் எடுத்து வளர்த்தார்' என்று ஒரு திருத்தமும் பின்னாளில் கதைக்குள் நுழைந்தது. யாருக்கு உறுத்தியதோ! செருப்பை மட்டும் யாராலும் திருத்த முடியவில்லை.

சரி, சட்டம் இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறது? உடுப்பியின் சிரூர் மடம் அன்றைய சென்னை மாநில அறநிலையச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல வார்த்தை சொன்னது. மதம் என்பது நம்பிக்கை மட்டும் கிடையாது, சடங்கும் வழிபாட்டு முறையும், ஏன், உணவும் உடையும்கூட அதில் சேரும் என்றது. மாடனுக்குச் சாதகமான தீர்ப்புதான். ஆனால் எது ஒரு மதத்துக்கு இன்றியமையாதது என்று நீதிமன்றங்கள் பார்க்கும் பழக்கமும் அங்கிருந்துதான் வளர்ந்தது. எடுத்துக் காட்ட நூல் இல்லாத மாடனுக்கு அது சிக்கல். 2003இல் தமிழக அரசு, 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்துக் கிடாவெட்டுக்குத் தடை போட்டது. கிராமக் கோயில்கள் கொந்தளித்ததும் 2004இல் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தார்கள். நூல் இல்லாத சாமிக்கு வாதாட ஆள் இல்லை என்று நினைத்திருப்பார்கள் போல. ஓட்டு இருந்தது.

அரசு செய்ய முடியாததை இப்போது நாமே செய்துகொண்டிருக்கிறோம். சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருந்து பணம் வருகிறது. சுண்ணாம்புப் பீடம் போய் கிரானைட், பீடத்தின் இடத்தில் மீசை வைத்த சிமெண்ட் சிலை, அப்புறம் ஹோமம், கும்பாபிஷேகம். கட்டடம் மாறுவது பற்றி எனக்கு வருத்தமில்லை, மழையில் கரைகிற பீடத்தை எத்தனை முறைதான் பூசுவது? ஆனால் கும்பாபிஷேகம் நடத்த வந்தவர்கள் மேடையில் இருக்க, பரம்பரையாக மாடன் ஆடுகிற ஆள் பந்தல் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார் பாருங்கள், அது மாற்றம். வில்லுக்குப் பதில் இன்னிசைக் கச்சேரி வைத்தால் வரத்துப் பாட யாருமில்லை. பாட்டு இல்லாமல் சாமி எப்படி வரும் என்று ஒரு கமிட்டியும் யோசிப்பதில்லை.

இதைச் சொன்னால், 'காலத்துக்கு ஏற்ப மாற வேண்டாமா?' என்கிறார்கள். மாறலாம், தாராளமாக. எங்கள் பக்கம் வரி என்றால் தலைக்கட்டு வரி, கல்யாணமான ஆணுக்கு ஒரு தலைக்கட்டு. மகளுக்குக் கிடையாது, அவள் கட்டிக்கொண்டு போன இடத்துச் சாமிக்குச் சொந்தம். புருஷன் இல்லாமல் தனியாக இருக்கிற பெண் எந்த நோட்டிலும் வரமாட்டாள். இதை மாற்றலாமே என்றால், 'அது பரம்பரை வழக்கம், கை வைக்க முடியாது' என்று பதில் வருகிறது. ஒரே ஒரு கூட்டத்தில் கையைத் தூக்கி ஹோமத்தைக் கொண்டுவந்தவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள். நூல் இல்லாத மரபில் இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை, அதே ஊர்க்கூட்டம் போதும். கோபுர வசூலுக்கு மட்டும் மகள்களின் நம்பரைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் சேர்க்கிறார்கள், உபயக் கல்வெட்டில் பெயரும் வெட்டுகிறார்கள். வரி நோட்டில் எழுதத்தான் பேனா வரமாட்டேன் என்கிறது.