முடி கொட்டாத நாய் என்றால் அலர்ஜி வராதா?

“வாழ்க்கைத் துணைக்கு நாய் அலர்ஜியா? கவலை வேண்டாம், முடி கொட்டாத பூடில் இன நாயை வாங்குங்கள், தும்மலே வராது” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு.

அலர்ஜியைத் தூண்டுவது முடியல்ல. நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள ‘கேன் எஃப் 1’ போன்ற புரதங்கள். மொட்டையடித்தாலும் அவை போகாது. ‘அலர்ஜி தராதவை’ எனப்படும் இனங்களின் முடியில் இந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் கூடுதலாகவே இருந்ததை 2012இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. வீட்டுக் காற்றில் வித்தியாசமே இல்லை. ஒரே இனத்துக்குள்ளும் நாய்க்கு நாய் அளவு வெகுவாக மாறியது.

ஆகவே இனத்தின் பெயரை நம்பிப் பணம் கட்டாதீர்கள். முதலில் அலர்ஜி மருத்துவரிடம் தோல் பரிசோதனை செய்யுங்கள். பிறகு, வாங்க நினைக்கும் அதே நாயோடு துணை சில முறை பழகிப் பார்க்கட்டும். ஆஸ்துமா இருந்தால் அதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். அவசரத்தில் வாங்கி, பழகிய நாயைத் திருப்பி அனுப்புவது அந்த ஜீவனுக்குச் செய்யும் கொடுமை.