அந்த கார் தண்ணீரில் ஓடவில்லை

"போர்ஷே நிறுவனம் தண்ணீரில் ஓடும் காரைக் கண்டுபிடித்துவிட்டது, டேங்கில் ஒரு வினையூக்கி இருந்தால் போதும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

நடந்தது வேறு. சிலியின் தெற்குக் கோடியில், புன்டா அரேனாஸ் அருகே ஹாரு ஓனி என்ற முன்னோட்ட ஆலை 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. போர்ஷே, சீமென்ஸ் எனர்ஜி, எக்ஸான்மொபில் போன்ற நிறுவனங்கள் இதில் கைகோத்தன. காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். அதைக் கார்பன் டை ஆக்சைடுடன் சேர்த்து மெத்தனால், அப்புறம் அதிலிருந்து பெட்ரோல். இந்தக் கடைசி மாற்றங்களில் வினையூக்கிக்கு வேலை உண்டு. திறப்பு நாளில் போர்ஷேயின் 911 காரில் நிரப்பியதும் இந்தப் பெட்ரோலைத்தான். தொடக்க இலக்கு ஆண்டுக்குச் சுமார் 1,30,000 லிட்டர், அவ்வளவுதான்.

வினையூக்கி வினையை வேகப்படுத்தும், ஆற்றலைத் தராது. தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். சாம்பலை மறுபடி கொளுத்த முடியுமா? தண்ணீரைப் பிரிக்கச் செலவாகும் ஆற்றல், திரும்ப எரித்தால் கிடைப்பதைவிட எப்போதும் அதிகம். ஹாரு ஓனியில் அந்தச் செலவைக் காற்று ஏற்கிறது.

போர்ஷேயின் 2022 டிசம்பர் செய்திக்குறிப்பு அதன் இணையதளத்தில் இருக்கிறது. வினையூக்கி பற்றி பிளஸ் டூ வேதியியல் புத்தகத்திலேயே பார்க்கலாம். அந்த வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.