போலந்தை ஆண்டாரா வாண்டா வாசிலெவ்ஸ்கா?

"போருக்குப் பின் ஸ்டாலின் போலந்தின் ஆட்சிப் பொறுப்பில் உட்கார வைத்த எழுத்தாளர்" என்று வாண்டா வாசிலெவ்ஸ்காவின் படத்தோடு ஒரு பதிவு சுற்றுகிறது. இது தவறு.

அவருக்கு அதிகாரம் இல்லாமல் இல்லை. 1939இல் ஜெர்மனியும் சோவியத் யூனியனும் போலந்தைப் பங்கிட்டுக்கொண்டபின் சோவியத் பக்கம் போய், 1940இல் சோவியத் நாடாளுமன்றமான உச்ச சோவியத்தின் உறுப்பினரானார். ஸ்டாலினை நேரில் சந்தித்துப் பேசக்கூடிய மிகச் சில போலந்துக்காரர்களில் ஒருவர். போலந்து அதிகாரிகளை சோவியத் ரகசியப் போலீஸ் சுட்டுக்கொன்ற கட்டின் படுகொலைச் செய்தி வெளிவந்து, 1943 ஏப்ரலில் லண்டனிலிருந்து இயங்கிய நாடுகடந்த போலந்து அரசோடு மாஸ்கோ உறவை முறித்தது. அந்தச் சமயத்தில், சோவியத் ஆதரவோடு இயங்கிய போலந்துக்காரர்களின் அமைப்பான போலந்து தேசபக்தர்கள் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் வாண்டாதான். சோவியத் மண்ணில் போலந்து வீரர்களைக் கொண்ட கோஷ்சியுஷ்கோ படைப்பிரிவு உருவானதிலும் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அதன் தளபதி சிக்முண்ட் பெர்லிங்.

சரி, ஆட்சி? 1944 ஜூலையில் சோவியத் ஆதரவோடு தற்காலிக அரசுபோல் அமைந்த போலந்து தேசிய விடுதலைக் குழுவின் தலைவர் எட்வர்ட் ஒசுப்கா-மொராவ்ஸ்கி. வாண்டா துணைத் தலைவர்களில் ஒருவர் மட்டுமே. போர் முடிந்தபின் அவர் போலந்துக்குத் திரும்பிக் குடியேறவே இல்லை. உக்ரைனிய நாடகாசிரியரான கணவர் கொர்னிய்சூக்கோடு கீவில் வாழ்ந்து, 1964இல் அங்கேயே இறந்தார்.

லண்டன் அரசை ஒதுக்க ஸ்டாலினுக்கு உதவியதற்காக அவரைக் கடுமையாக விமர்சிக்கலாம். அதில் நியாயமும் இருக்கிறது. அதற்காக அவர் வகிக்காத பதவியை அவர்மேல் ஏற்றக் கூடாது. ஏற்றினால், அப்போது உண்மையில் ஆட்சியில் இருந்தவர்கள் பார்வையிலிருந்து தப்பிவிடுகிறார்கள்.