ஸ்கேன் செய்த பிறகு?

வட்டார ஆவணங்களை மின்னாக்கம் செய்ய (ஸ்கேன் செய்து கணினியில் சேமிக்க) எங்கெல்லாம் நிதி கிடைக்கும் என்று உங்கள் கட்டுரை சொல்கிறது, நல்லது. ஆனால் யாருக்கு எது பொருந்தும் என்பதை இன்னும் விரித்திருக்கலாம். பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தும் ‘எண்டேஞ்சர்ட் ஆர்க்கைவ்ஸ் புரோகிராம்’ (அழியும் நிலையில் உள்ள ஆவணங்களுக்கான நிதித் திட்டம்) பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய ஆவணங்களுக்குத்தான். அதற்குப் பிந்தைய துண்டறிக்கை, புகைப்படம், ஒலிநாடா வைத்திருப்பவர்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் நூலகம் நடத்தும் திட்டத்தைப் பார்க்கலாம். இரண்டுக்கும் பணம் தருவது ஆர்கேடியா அறக்கட்டளை. முதல் திட்டத்தில் மூல ஆவணம் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்ற விதியும் உண்டு. ஆவணங்களைக் கொடுக்கத் தயங்கும் குடும்பங்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

சரி, நிதி வந்துவிட்டது. அப்புறம்? பலர் கேமராவுக்கும் ஸ்கேனருக்குமே கணக்குப் போடுகிறார்கள். காசு கரைவது அட்டவணைப்படுத்துவதில். யார் எழுதியது, எந்த ஆண்டு, எந்த ஊர் என்ற விவரம் இல்லாத பத்தாயிரம் படங்களை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. டிஃப் (TIFF) எனும் உயர்தரப் படக் கோப்புகளை வெவ்வேறு இடங்களில் பிரதியெடுத்து வைக்கும் செலவு திட்டம் முடிந்த பிறகும் தொடரும். அதற்கு நிதி தருபவர்கள் யார் என்று அடுத்த கட்டுரையில் எழுதுங்கள்.