வரி உண்டு, சட்டம் இல்லை

கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் வேலையைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சென்ற ஜூலையில், மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் தன் கிரிப்டோ (கணினியில் மட்டுமே இருக்கும், பிட்காயின் போன்ற காயின்கள்) பரிவர்த்தனைத் தாள்களுடன் வந்தார். ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கிய காயினை 1,60,000 ரூபாய்க்கு விற்றிருந்தார். இன்னொரு லட்சத்துக்கு வாங்கிய வேறொரு காயின் சரிந்துவிட, அதை 40,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டிருந்தார். போட்டது இரண்டு லட்சம், எடுத்ததும் இரண்டு லட்சம். ஆனால் படிவத்தில் மெய்நிகர் டிஜிட்டல் சொத்துக்கான (கிரிப்டோவுக்கு வரிச் சட்டம் வைத்த பெயர்) பகுதியில் இரண்டையும் தனித்தனியாக நிரப்பியபோது, முதல் விற்பனையின் 60,000 ரூபாய் லாபத்துக்கு 30 சதவீத வரி 18,000 ரூபாய், அதன்மேல் 4 சதவீத செஸ் 720 ரூபாய், ஆக 18,720 ரூபாய் என்று வந்து நின்றது. விற்கும்போதே 1 சதவீதமாகப் பிடித்திருந்த 2,000 ரூபாய் டி.டி.எஸ். போக, மீதி 16,720 ரூபாயை அவர் சம்பளப் பணத்திலிருந்து கட்டினார்.

நான் தவறாகக் கணக்குப் போட்டிருப்பேனோ என்று அவர் இரண்டு முறை கேட்டார். கணக்கு சரிதான். 2022 பட்ஜெட்டில் 115பிபிஎச் பிரிவாக வந்த விதி அப்படித்தான் சொல்கிறது: ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டு செல்ல முடியாது. பங்குச் சந்தையில் நஷ்டப்பட்டவருக்கு எட்டு ஆண்டுகள் வரை அந்த நஷ்டத்தைக் கொண்டு செல்ல அனுமதி உண்டு. கிரிப்டோவை நம் வரிச் சட்டம் லாட்டரிக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறது.

இந்தப் பதிவைக் கிரிப்டோவுக்கு ஆதரவாக எழுதவில்லை. கேட்டு வரும் எவரிடமும் சேமிப்பை அதில் போட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். என் ஆதங்கம் அரசின் நிலை பற்றியது. 2018 ஏப்ரலில் கிரிப்டோ நிறுவனங்களுக்கு வங்கிகள் சேவை அளிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி வி. ராமசுப்பிரமணியன், வங்கிகளுக்கு இதனால் என்ன பாதிப்பு நேர்ந்தது என்று ரிசர்வ் வங்கியால் காட்ட முடியாத நிலையில் இவ்வளவு கடுமையான தடை அளவுக்கு மீறியது என்றார். 2021 குளிர்காலக் கூட்டத்தொடருக்கு ஒரு மசோதா பட்டியலிடப்பட்டது, அவைக்கு வரவேயில்லை. சட்டம் வருவதற்கு முன்பாகவே 2022 பட்ஜெட்டில் வரி வந்துவிட்டது. 2023 மார்ச்சில் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ், கிரிப்டோவை வாங்கி விற்கும் தளங்களான எக்ஸ்சேஞ்சுகள் கொண்டுவரப்பட்டன. ஆகவே அரசுக்குத் தகவல் வருகிறது, வரி வருகிறது. பணம் போட்டவருக்கு என்ன வருகிறது என்பதற்குத்தான் பதில் இல்லை.

2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடப்பட்டபோது இந்த வெற்றிடம் எல்லோருக்கும் தெரிந்தது. கணக்குகள் முடக்கப்பட்டன. தாய் நிறுவனம் சிங்கப்பூரில் பதிவானது என்பதால், மறுசீரமைப்பு அங்குள்ள நீதிமன்றத்தில் நடந்தது. திருடுபோகாத காயின் வைத்திருந்தவர்களும் இழப்பில் பங்கேற்க வேண்டும் என்றானது. ஒரு பங்குத் தரகர் தவறினால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் போகிறோம், வங்கி தவறினால் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் போகிறோம். இங்கே போவதற்கு ஒரு கதவுகூட இல்லை.

அந்த நிலையில் நம் சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் தந்த உத்தரவை நான் பெரிதாக மதிக்கிறேன். திருட்டில் போகாத 3,532.30 எக்ஸ்ஆர்பி காயின்களை வைத்திருந்த ஒருவரின் மனுவில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது நாணயம் அல்ல, ஆனால் அது சொத்து, ஒருவர் உடைமையாக வைத்துக்கொள்ளவும் பிறருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் கூடியது என்று கூறி, மனுதாரருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். சொத்து என்றால், எக்ஸ்சேஞ்ச் அதை வாடிக்கையாளருக்காகப் பாதுகாத்து வைத்திருக்கிறதே தவிர, அது எக்ஸ்சேஞ்சின் பணம் ஆகிவிடாது. ஆனால் இதை ஒவ்வொருவரும் நீதிமன்றம் ஏறி நிலைநாட்ட முடியுமா? இருபதாயிரம் ரூபாய் சிக்கிக்கொண்டவர் வக்கீல் ஃபீஸுக்கே எங்கே போவார்?

ரிசர்வ் வங்கியின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. டாலரோடு மதிப்பு கட்டப்பட்ட கிரிப்டோவான ஸ்டேபிள்காயின் பரவினால், சொந்த நாணயத்தின் மீதான பிடி தளரும். வளரும் நாடுகளுக்கு இது மெய்யான ஆபத்து. நைஜீரியா அதை அனுபவித்தது, தடை போட்டும் பார்த்தது. 2021 பிப்ரவரியில் அந்நாட்டு மத்திய வங்கி, கிரிப்டோ கணக்குகளை மூடும்படி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. தங்கள் நாணயமான நைராவின் மதிப்பு கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்த மக்கள் கிரிப்டோவை விடவில்லை, ஆளுக்கு ஆள் நேரடியாக மாற்றிக்கொள்ளும் வழிக்குப் போனார்கள். அரசின் கண்ணுக்குத் தெரிந்த வியாபாரம் தெரியாத இடத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். அந்த ஆண்டு அக்டோபரில் மத்திய வங்கியே கொண்டுவந்த டிஜிட்டல் நாணயமான இ-நைராவும் எடுபடவில்லை. 2023 டிசம்பரில் தடையை விலக்கிக்கொண்டு, 2025-இல் டிஜிட்டல் சொத்துகளைப் பங்குச் சந்தை ஆணையத்தின் கீழ் கொண்டுவரும் சட்டத்தை இயற்றினார்கள். எதிர்த்திசையில் அவசரப்பட்ட எல் சால்வடாரும் பின்வாங்கியது. 2021-இல் பிட்காயினைச் சட்டப்பூர்வ நாணயமாக்கிய அந்நாடு, சர்வதேச நிதியத்தின் 140 கோடி டாலர் கடனுக்காக, வணிகர்கள் அதை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2025 ஜனவரியில் நீக்கியது.

நாம் தடையும் செய்யவில்லை, ஏற்கவும் இல்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறோம். வாடிக்கையாளரின் காயின்களை நிறுவனத்தின் கணக்கிலிருந்து பிரித்து வைக்க வேண்டும், இருப்பை வெளியார் தணிக்கை செய்ய வேண்டும், இந்தியருக்கு விற்கும் நிறுவனம் இந்திய நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், புகாருக்கு ஒரு முகவரி வேண்டும், நஷ்டத்தைக் கழிக்க அனுமதி வேண்டும். இவை எதுவும் கிரிப்டோவை ஊக்குவிப்பவை அல்ல; பங்குச் சந்தையில் ஏற்கெனவே நாம் செய்து வருபவை.

அந்த இளைஞர் வரி கட்டிய சலானை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தன் காயின்கள் இருக்கும் எக்ஸ்சேஞ்ச் நாளை மூடிவிட்டால் யாருக்கு எழுத வேண்டும் என்று கேட்டார். எழுதிக் கொடுக்க என்னிடம் ஒரு முகவரியும் இல்லை.